சூடாகும் கண்ணாடி கேட்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலும் கட்டாரிலும் டுபாயிலும் கனடாவிலும் உழைத்து, வரக்காப்பொலைப் பக்கம் நாலைந்து பேர்ச் நிலம் தேடிப் பிடித்து வீடு கட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

எனக்குச் சோறு போடுவது வயரிங் வேலை. வரக்காப்பொல டவுனைச் சுற்றியும், கலிகமுவ, ருவன்வெல்ல, யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலும் உங்கள் வீடுகளுக்குக் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச காலமாக நீங்கள் அனுப்பும் சாமான் பட்டியலில் ஒரு புதுச் சாமான் வருகிறது. ஆவி படியாத பாத்ரூம் கண்ணாடி. பின்பக்கம் சூடேறும், ஓரத்தில் லைட் எரியும், விரலால் தொட்டால் வேலை செய்யும். "அண்ணே, இதுக்கு ஒரு பொயின்ட் இழுத்து வச்சிருங்க" என்று வாட்ஸ்அப்பில் படமும் வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லப் போனால் அது சண்டையில்தான் முடிகிறது. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரக்காப்பொலையில் கட்டும் வீட்டுக்கு அந்தக் கண்ணாடி வேண்டாம். அந்தக் காசுக்கு அதே பாத்ரூமில் வேறு வேலை காத்துக் கிடக்கிறது. ஏன் என்று கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

ஒன்றைத் தெளிவாக்கிவிட்டுத் தொடங்குகிறேன். "லயத்துல பிறந்தவனுக்கு எதுக்குச் சூடாகுற கண்ணாடி?" என்று சிரிக்கிற கூட்டத்தில் நான் இல்லை. அப்படிச் சிரிப்பவர்களை எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கு டைல்ஸ் பதித்தபோதும் சிரித்தார்கள், மாடிப்படி வைத்தபோதும் சிரித்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய ஒற்றைக் காம்பராவில், ஜன்னல் இல்லாத புகையில், இஸ்தோப்பில் சமைத்து, அங்கேயே படுத்து வளர்ந்தவர்கள் நாம். இஸ்தோப்புத் தூணில் ஆணியடித்து மாட்டிய ரசம் போன கண்ணாடித் துண்டில்தான் அப்பா சவரம் செய்தார், அக்கா பொட்டு வைத்தாள். குளிக்கப் பீலிக்குப் போக வேண்டும். பெண்கள் மார்போடு பாவாடையைக் கட்டிக்கொண்டு, வருகிற போகிற கண்களுக்கு நடுவில் அவசர அவசரமாகக் குளித்துவிட்டு, ஈரத்துணியோடு வீடு வரைக்கும் நடந்து வர வேண்டும். தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு பாத்ரூம் நம் வீட்டுப் பெண்களுக்கு என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பாத்ரூம் உங்கள் மனசுக்குப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். ஆசையில் ஒரு பிழையும் இல்லை. சாமான்தான் ஊருக்குப் பொருந்தவில்லை.

கண்ணாடியில் ஆவி ஏன் படிகிறது என்று யோசித்துப் பாருங்கள். காற்றில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கிறது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்த காற்றால் தாங்க முடியாது. 35 பாகைச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 40 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். அதுவே 25 பாகைக்கு இறங்கினால் 23 கிராம்தான், 15 பாகைக்கு இறங்கினால் 13 கிராமுக்கும் குறைவு. குளிக்கும்போது எழும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் முட்டினால், தாங்க முடியாத மிச்ச ஈரம் அங்கேயே பனித்துளியாக இறங்கிவிடும். ஆகவே ஆவி படிய இரண்டு வேண்டும். காற்றில் நிறைய ஈரமும் இருக்க வேண்டும், கண்ணாடியும் குளிர்ந்து கிடக்க வேண்டும். சூடாகும் கண்ணாடியின் வேலை இரண்டாவதை மட்டும் சரிசெய்வது. பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய சூட்டுத் தாள் கண்ணாடியைச் சில பாகை சூடேற்றி, பனி இறங்காமல் பார்த்துக்கொள்கிறது. அதிலும் தாள் ஒட்டிய நடுப்பகுதி மட்டும் தெளியும், ஓரங்கள் மங்கலாகவே இருக்கும்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் குளிர்காலத்தில் பாத்ரூம் சுவரும் கண்ணாடியும் ஐஸ் மாதிரி கிடக்கும். குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவும் மாட்டார்கள். அங்கே இந்தச் சாமானுக்கு அர்த்தம் உண்டு. வரக்காப்பொல பள்ள நாட்டு ஊர். பகலெல்லாம் புழுக்கம், மார்கழி தையில் விடியற்காலை மட்டும் லேசாகக் குளிரும். இங்கே சுவரில் தொங்கும் கண்ணாடி பெரும்பாலும் 26, 27 பாகையில் தானாகவே இருக்கிறது. பைப் தண்ணீரில் குளித்தால் அதில் ஆவி படியவே படியாது. ஹீட்டர் போட்டு, கதவு ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு குளித்தால்தான் படியும். அதுவும் கதவைத் திறந்த சில நிமிடத்தில் விலகிவிடும். நுவரெலியாவில் 1,868 மீட்டர் உயரத்தில் வீடு கட்டும் ஒருவர் கேட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அப்புறம், அந்தப் பாத்ரூமில் யார் குளிக்கிறார்கள்? நீங்கள் வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து குளிப்பீர்கள். மற்ற நாளெல்லாம் குளிப்பது அம்மாவும் அப்பாவும். இறப்பர் பால் வெட்டுகிற வீடுகளில் விடிய முன்னமே எழும்பிப் போகிறார்கள். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் அந்த அவசரம். முகம் கழுவி, ஒரு வாய் சாயம் குடித்து, பெரட்டுக்கு ஓடுகிறவர் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு நிற்பதில்லை. வேலை முடிந்து, உடம்பெல்லாம் பால் நாறி, வெயிலில் வெந்து வந்து குளிக்கும்போது அவருக்கு வேண்டியது பச்சைத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் கண்ணாடி மங்காது. மங்காத கண்ணாடியை மங்காமல் வைத்திருக்க நீங்கள் காசு அனுப்புகிறீர்கள்.

அம்மாமாருக்குப் பாத்ரூமில் என்ன குறை என்று நான் வேலைக்குப் போகிற வீடுகளில் கேட்டுப் பார்ப்பதுண்டு. தரை வழுக்குகிறது, பிடிக்க ஒரு கம்பி இல்லை என்பார்கள். இராத்திரியில் சுவிட்சைத் தேட வேண்டியிருக்கிறது என்பார்கள். கதவு மழைக்கு ஊதி, சாத்த முடியவில்லை என்பார்கள். கண்ணாடியைப் பற்றி ஒரு அம்மா சொன்ன ஒரே குறை, மகன் தன் உயரத்துக்கு மாட்டிவிட்டுப் போய்விட்டான், தனக்கு நெற்றி மட்டும்தான் தெரிகிறது என்பது.

சூடாகும் கண்ணாடி ஆவியை எங்கேயும் அனுப்பிவிடுவதில்லை. இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கண்ணாடியில் இறங்காத ஈரம் பக்கத்துச் சுவரில் இறங்கும், சீலிங்கில் இறங்கும், கதவில் இறங்கும். புது வீட்டுப் பாத்ரூம்களில் கூரை மூலை கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருப்பதைப் பார்க்கிறேன். பலகைக் கதவின் அடிப்பக்கம் பிஸ்கட் மாதிரி உப்பி உதிர்கிறது. பக்கத்திலேயே ஆவி படியாத கண்ணாடி பளபளவென்று நிற்கும். ஆவியை வெளியே அனுப்ப வழி செய்தால் கண்ணாடியும் தெளியும், சுவரும் பிழைக்கும், கதவும் பிழைக்கும்.

அந்த வழி உங்கள் பிளானில் இருந்தது. வீடியோ கோலில் பிளானைப் பார்த்து நீங்கள் சரி சொன்னபோது பாத்ரூமுக்கு ஒரு நல்ல ஜன்னல் போட்டிருந்தார்கள். கட்டும்போது மேசன் பாஸ் அதைப் பாதியாக்கினார். பக்கத்து வீட்டுக்குத் தெரிகிறது என்று அம்மா கண்ணாடி பதித்து நிரந்தரமாக அடைக்கச் சொன்னார். மேலே வைக்கவேண்டிய ஓட்டைக் கல்லை, பல்லி வருகிறது, பூரான் வருகிறது என்று சிமெந்து பூசி மூடினார்கள். ஒவ்வொருவரும் ஒரு நியாயத்தோடுதான் செய்தார்கள். கடைசியில் நீங்கள் இலட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வீட்டின் நடுவில் பழைய காம்பரா மாதிரி மூச்சு முட்டும் ஒரு அறை நிற்கிறது. லயத்தைக் கட்டினவன் நமக்கு ஜன்னல் வைக்கவில்லை என்று இத்தனை காலம் திட்டிக்கொண்டிருந்தோம். சொந்த வீட்டில் நாமே அடைக்கலாமா?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். கூரைக்குச் சற்றுக் கீழே, ஆள் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில், வெளிச்சுவரில் ஒரு அகலமான திறப்பு. பூச்சிக்கு வலை அடித்துவிடலாம். கதவுக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளி. மேலே போகிற காற்றுக்குப் பதிலாகக் கீழே காற்று வர வேண்டும், இல்லாவிட்டால் எந்தத் திறப்பும் இழுக்காது. அதுவும் போதாது என்றால் ஆறு அங்குல எக்ஸோஸ்ட் ஃபேன் ஒன்று. அது 20, 30 வோட்ஸ்தான் இழுக்கும். ஃபேனின் வாயைச் சுவருக்கு வெளியே வையுங்கள். கூரைக்குள் விட்டால் அந்த ஈரம் தகரத்தில் பட்டுச் சீலிங்கில் சொட்டும்.

சவரம் செய்கிற நேரத்துக்காவது கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும் என்கிறவருக்குக் கைவசம் வழி இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்து, உலர்ந்த துணியால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். சோப்பு தண்ணீரைத் துளியாகத் திரளவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்பிவிடும். படலத்தின் வழியே முகம் தெரியும். சில நாளில் போய்விடும், மறுபடி தேய்க்க வேண்டும். இன்னொரு வழி நம் ஊரில் நிறைய வீடுகளில் ஏற்கெனவே இருப்பதுதான். முகம் கழுவும் பேசினையும் கண்ணாடியையும் பாத்ரூமுக்கு வெளியே, சாப்பாட்டு மேசைப் பக்கம் வைப்பது. ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் தலை வாரலாம். பழைய ஃபேஷன் என்று நீங்கள் ஒதுக்கிய அந்த ஏற்பாட்டில் ஆவி என்கிற பேச்சுக்கே இடமில்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். எனக்கு உண்மையான கோபம் இங்கேதான்.

அந்தக் கண்ணாடி கரண்டில் வேலை செய்கிற சாமான். 230 வோல்ட், ஈரச்சுவர், ஈரக்கை, செருப்பில்லாத கால், இவை நாலும் சேருகிற இடம் வீட்டில் பாத்ரூம் ஒன்றுதான். இதே கண்ணாடிகள் பெருவாரியாக விற்கும் இங்கிலாந்தில், குளிக்கும் இடத்துக்குக் கிட்ட சாதாரண பிளக் பொயின்ட் வைக்கவே விடமாட்டார்கள். பாத்ரூமைத் தண்ணீர் படும் அளவுக்கு ஏற்ப வலயமாகப் பிரித்து, எந்த வலயத்தில் எந்தச் சாமான் என்று விதிமுறையே வைத்திருக்கிறார்கள். நாம் அங்கேயிருந்து கண்ணாடியை மட்டும் கொண்டுவந்தோம், விதிமுறையை அங்கேயே விட்டுவிட்டோம்.

உங்கள் வீடுகளில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். எர்த் கம்பி பெயருக்கு மண்ணில் நிற்கிறது, வயர் அதில் இறுகக் கட்டப்படவில்லை. சில வீடுகளில் அதுவும் இல்லை. ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று யாரோ ஒருவர் அதைச் சுற்றி வயர் போட்டு, அது இருந்தும் இல்லாதபடி செய்துவைத்திருக்கிறார். மழைக்காலத்தில் ட்ரிப் விழுந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். பழைய லயத்தில் ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு வயர் இழுத்துப் பழகிய கை புது வீட்டிலும் அப்படியே இழுக்கிறது. மின்னொழுக்கால் லயம் எரிந்தது என்று பேப்பரில் வரும்போதெல்லாம் "ஐயோ" என்கிறோம். அடுத்த நாளே பாத்ரூமுக்குள் இன்னொரு பொயின்ட் கேட்கிறோம்.

ஃபியூசும் பிரேக்கரும் இருக்கிறதே என்று ஒரு தம்பி வாதாடினார். 50 வோட்ஸ் கண்ணாடி ஒன்று இழுப்பது அம்பியரில் கால்வாசிக்கும் குறைவு. 6 அம்பியர் பிரேக்கர் 6 அம்பியரைத் தாண்டினால்தான் எழும்பும். அது வயர் எரியாமல் காப்பாற்றும் சாமான். ஒரு அம்பியரின் நூற்றில் சில பங்கே மனித உடம்பு வழியாகப் பாய்ந்து இதயத்தை நிறுத்தப் போதும். அதை பிரேக்கர் கவனிக்கவே செய்யாது. கவனிக்கக்கூடியது ட்ரிப் சுவிட்ச் மட்டுமே. 30 மில்லி அம்பியர் கசிந்தவுடன் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். வாங்கும்போது அதன் முகப்பில் 30 மில்லி அம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100 என்று போட்டதும் கடையில் கிடக்கும், அது ஆளைக் காக்கும் என்று நம்பக்கூடாது. அதில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அமத்தினால் வீட்டுக் கரண்ட் மொத்தமும் போக வேண்டும். போகாவிட்டால் அது சுவரில் ஒட்டிய அலங்காரம்.

பில்லைப் பற்றியும் நியாயமாகப் பேசுவோம், ஏனென்றால் கண்ணாடி கரண்டைத் தின்னும் என்று பயமுறுத்துவது பொய். 50 வோட்ஸ் கண்ணாடி நாளுக்கு அரை மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஒரு அலகுகூட வராது. ஆனால் அதைத் தனிப் பொயின்ட்டில் கொடுத்து, அணைக்க ஆளில்லாமல் இராப்பகலாக விட்டால் மாதம் 36 அலகு. மின் கட்டணக் கணக்கில் 60 அலகு ஒரு வேலி. அதைத் தாண்டிய மாதத்தில் தாண்டிய அலகுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் 60 அலகின் விலையும் மாறிவிடும், நிலையான கட்டணமும் ஏறும். ஒரு ஃபிரிட்ஜும் நாலு லைட்டுமாக வேலிக்குக் கிட்ட நிற்கிற அம்மாவின் பில்லை 36 அலகு எங்கே தூக்கிப்போடும் என்று பாருங்கள். 2021-ல்தான் தேயிலை, இறப்பர் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய்க்கு வந்தது. அதற்காக எத்தனை வருஷம் ரோட்டில் நின்றோம் என்று உங்களுக்குத் தெரியும். பில்லைக் கட்டுகிற கை அந்தக் கைதான்.

ஷவர் ஹீட்டரின் கணக்கு இன்னும் பெரியது. 3.5 கிலோவோட்ஸ் ஹீட்டரில் நாலு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் மாதத்துக்கு 70 அலகு. ஆவியைக் கிளப்புவதும் அதுதான். ஆவிக்கு ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு ஒரு பொயின்ட் என்று போவதற்கு முன், ஹீட்டர் தினமும் எரிகிறதா என்று வீட்டில் கேளுங்கள். பல வீடுகளில் அது உறை பிரித்த அன்றோடு சரி.

இத்தனையும் கேட்ட பிறகும் உங்கள் வீட்டுக்கு அது தேவைதான் என்றால் நான் மறுக்கமாட்டேன். வெளிச்சுவரே இல்லாமல், இரண்டு அறைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பாத்ரூம் சிலரிடம் இருக்கும். முடியாத அப்பாவைத் தினமும் வெந்நீரில் குளிப்பாட்டி, அங்கேயே சவரமும் செய்துவிடுகிற வீடு இருக்கும். அங்கே கண்ணாடிக்கு வேலை உண்டு, எக்ஸோஸ்ட் ஃபேனோடு சேர்த்து. அப்போது பிளக் குத்தும் சாமானாக வாங்காதீர்கள். சுவருக்குள் நிரந்தரமாக இணைத்து, பாத்ரூம் லைட் சுவிட்சோடு சேர்த்துக் கொடுத்தால் லைட்டை அணைக்கும்போது சூடும் அணையும், இராப்பகல் எரிகிற பேச்சே இல்லை. தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்பதற்கு ஐபி 44 என்று அதில் குறித்திருக்க வேண்டும். ஷவருக்கு நேர் எதிரில் மாட்டாமல் தள்ளி மாட்டுங்கள். சூட்டுத் தாளைக் கண்ணாடியின் பின்பக்கத்தோடு ஒட்டியிருப்பார்கள், பழுதானால் உரித்து மாற்றுவது கஷ்டம், பெரும்பாலும் முழுக் கண்ணாடியும் போய்விடும். ஆகவே வாங்குகிற கடை திருப்பி எடுக்குமா என்று முதலே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே வாங்கிப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். அங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. அந்த 50 வோட்ஸ் தாளை இங்கே கொடுத்தால் ஏறக்குறைய 180 வோட்ஸ் இழுக்கும். கண்ணாடி வெடிக்கலாம், பின்னால் இருக்கும் பலகை கருகலாம். அடாப்டர் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிற ஆளை நம்பாதீர்கள். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

இப்போது நான் கேட்பது இதுதான். கண்ணாடிக்கு ஓர்டர் கொடுக்கும் முன், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடியோ கோல் எடுக்கும்போது, ஹோலையும் டைல்ஸையும் காட்டச் சொல்லாமல் மெயின் சுவிட்ச் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்ச் பொத்தானை உங்கள் கண் முன்னே அமத்தச் சொல்லுங்கள். எர்த் கம்பி எங்கே நிற்கிறது, வயர் அதில் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பாத்ரூம் ஜன்னலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், திறக்க முடியாவிட்டால் பாஸைக் கூப்பிடுங்கள். கடைசியாகப் போனை அம்மாவிடம் கொடுத்து, பாத்ரூமில் என்ன செய்து தரவேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்வதை முதலில் செய்யுங்கள்.

பிறகு லீவில் வந்து, கதவை அடைத்துக்கொண்டு வெந்நீரில் ஒருநாள் குளித்துப் பாருங்கள். மறுநாள் ஜன்னலைத் திறந்துவிட்டுக் குளியுங்கள். அப்போதும் கண்ணாடி உங்களைத் தொந்தரவு செய்தால் எனக்குச் சொல்லுங்கள், பொயின்ட் நானே இழுத்துத் தருகிறேன். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாத வீட்டில் மட்டும் இழுக்கமாட்டேன். வேறு ஆளைப் பிடித்தும் இழுக்காதீர்கள்.

உங்கள் அண்ணன்,
வயரிங் வேலைக்காரன்,
வரக்காப்பொல